பீரங்கிக்காரருக்காக நான் எழுதிய மனு

எழுபத்திரண்டில் எனக்கு இருபத்து மூன்று வயது. மரக்காணத்தில் ஓர் உப்பு வியாபாரியிடம் குமாஸ்தா வேலை. அந்த உப்பள ரோட்டில் பி.ஏ. பாஸ் பண்ணியவன் நான் ஒருவன்தான் என்ற திமிர் என் நடையிலேயே தெரியும்.

முந்தின டிசம்பரில் பாகிஸ்தானோடு நடந்த சண்டையிலிருந்து எனக்கு மிஞ்சியது வார்த்தைகள்தான். மெட்ராஸ் பஸ்ஸில் வருகிற இங்கிலீஷ் பேப்பரை வரி விடாமல் படித்தேன். பாம்பார்ட்மென்ட், பராஜ், சால்வோ, வாலி என்று குண்டுமாரிக்குத்தான் எத்தனை பெயர்! குண்டு எங்கே விழுந்தது, யார் செத்தார்கள் என்பதெல்லாம் மறந்துபோனது. வார்த்தைகளை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டேன். சண்டை நின்ற பிறகும் நான் சுடுவதை நிறுத்தவில்லை. முதலாளி இரண்டு கேள்வி கேட்டால் என்னை பாம்பார்ட் செய்கிறார் என்பேன். டீக்கடையில் நாலு பேர் சேர்ந்து திட்டினால் அது வசவு பராஜ். பேப்பர்காரன் கிரிக்கெட்டுக்கும் சட்டசபைக்கும் இதையேதானே எழுதுகிறான், எனக்கென்ன குறை என்று நினைப்பு.

ஊரில் இங்கிலீஷில் மனு எழுத ஆள் வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். அதில் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. எழுதி முடித்ததும் நாலு பேர் நடுவில் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். இங்கிலீஷ் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனாலும் ஓசையை வைத்தே மதிப்புப் போடுவார்கள். படபடவென்று இருந்தால் நல்ல மனு. மெதுவாகச் சின்னச் சின்ன வார்த்தையாகப் போனால், "என்னாபா, சப்புன்னு இருக்குது" என்று முகத்தைச் சுளிப்பார்கள்.

அப்படித்தான் அவரும் வந்தார். அந்த டிசம்பர் சண்டையில் பீரங்கிப் படையில் இருந்து, காது போய்த் திரும்பியவர். முப்பத்தைந்து வயது இருக்கும். எங்கள் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தார். ஊனத்துக்கான பென்ஷன் கேட்டு மனு எழுத வேண்டும். தன் குரல் தனக்கே சரியாகக் கேட்காததால் கத்தித்தான் பேசுவார்.

"ரெண்டு நாளு உடாம அடிச்சோம் சார். மூணாம் நாளு காலைல எங்க பீரங்கிகிட்டயே ஒரு குண்டு உழுந்துச்சு. குண்டு எடுத்துக் குடுத்துக்கினு இருந்தவன் உக்காந்த மேனிக்கே செத்துட்டான். எனக்கு ரெண்டு காதுலயும் ரத்தம். ஆஸ்பத்திரில பஞ்சு வச்சி, பேரு நம்பரெல்லாம் எழுதிக்கினாங்க."

இடம், தேதி, ஆஸ்பத்திரி எல்லாம் சொன்னார். நான் தலையாட்டினேன், குறித்துக்கொள்ளவில்லை. அதிலெல்லாம் ஓசை இல்லையே! ராத்திரி பகலாக யோசித்து நான் எழுதியது இதுதான்: வறுமை என்னை பாம்பார்ட் செய்கிறது. துன்பங்களின் பராஜுக்கு நடுவே நிற்கிறேன். என் குழந்தைகளின் பசி வாலி வாலியாக என் நெஞ்சைத் துளைக்கிறது. நிஜமாகவே குண்டுக்கு நடுவில் நின்றவருக்கு நான் எழுதிக் கொடுத்தது இது. உட்கார்ந்தபடியே செத்தவன் அதில் வரவேயில்லை. காதைப் பற்றி ஒரே ஒரு வரி.

உப்புக் கொட்டகையில் படித்துக் காட்டினேன். படிக்கிற சத்தம் அவருக்கு எட்டாது, காதருகே கத்தினால்தான் கேட்கும். ஆகவே சுற்றி நின்றவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். அவருக்கு அது போதும். கைநாட்டு வேண்டாம், கையெழுத்தே போடுவேன் என்று சந்தோஷமாகப் போட்டுக் கொடுத்தார்.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. பிரிக்காமலே எடுத்துக்கொண்டு டீக்கடைக்கு என்னைத் தேடி வந்துவிட்டார். கூடவே ஏழெட்டுப் பேர். மனதுக்குள் படித்தேன். காயம் எந்தத் தேதியில், எந்த இடத்தில் பட்டது, எந்த ஆஸ்பத்திரியில் வைத்தியம் நடந்தது என்று மனுவில் எதுவுமே இல்லை, விவரங்களோடு மறுபடி அனுப்பவும் என்று இருந்தது. அவ்வளவும் அவர் வாயால் சொன்னது. அவ்வளவையும் விட்டவன் நான். அத்தனை பேர் எதிரில் அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"இல்லன்னுட்டாங்கண்ணா" என்றேன், முணுமுணுப்பாக.

அவர் காதோரம் கையைக் குவித்துக் குனிந்தார். "கேக்கல சார். சத்தமா சொல்லுங்க."

"இல்லன்னுட்டாங்கண்ணா!" என்று கத்தினேன். கேட்கவில்லை என்று மறுபடி தலையசைத்தார். மூன்று தடவை அந்தப் பொய்யைத் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்றாவது தடவை அவருக்குப் புரிந்துவிட்டது. என் தோளைத் தட்டி, "உங்க இங்கிலீசுக்கே குடுக்கலன்னா வேற எவன் எழுதி இன்னா ஆவப்போவுது? உடுங்க சார், நீங்க இன்னா செய்வீங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். டீயும் வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

கடிதத்தை நானே வைத்துக்கொண்டேன். அவருக்குத் தெரியாமல் புதிதாக ஒன்று எழுதி அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குத் தேதியையும் இடத்தையும் அவரிடம் மறுபடி கேட்க வேண்டும். கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று ஒரு வருஷம் தள்ளினேன். அந்த ஒரு வருஷமும் அவர் தினமும் எனக்கு வணக்கம் வைத்தார். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

பாண்டிச்சேரியில் வேறு வேலை கிடைத்து நான் கிளம்பிய நாளில், வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், என் டிரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தார். கடிதம் அந்தப் பெட்டியில் இருந்தது.