பெடலில் நிற்காத கால்

என் கணவர் இருபத்தாறு வருடம் அரசு பஸ் ஓட்டியவர். ஒரு செவ்வாய்க்கிழமை காலை டூட்டிக்குக் கிளம்பும்போது, சட்டைப் பட்டன் போட்டுக்கொண்டே இருந்தவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. கை நாலைந்து மாதத்தில் ஓரளவு தேறியது. காலில் தொடைக்குப் பலம் வந்தது, முழங்கால் மடங்கியது, கணுக்காலுக்குக் கீழேதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பாதம் தொங்கியபடியே இருந்தது. இனி பஸ் ஓட்ட முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, டிப்போ கேட்டில் உட்கார்ந்து வண்டிகள் வெளியே போகும் நேரத்தைக் குறிக்கும் வேலை கொடுத்தார்கள். அந்த வேலையைப் பற்றி வீட்டில் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது, சைக்கிள் ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னிடம் அனுமதி மாதிரி ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. பிசியோதெரபி பார்க்கும் அம்மாவிடம் போய்க் கேட்டேன். வண்டி வராத சமமான ரோட்டில் ஓட்டலாம் என்றார்.

நாங்கள் இருப்பது வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால். பாதி மனை இன்னும் காலி, ரோடும் நல்ல ரோடு. மகள் கல்யாணமாகிப் போனபின் சும்மா நின்ற லேடீஸ் சைக்கிளை எடுத்தோம். ஏறிவிட்டார், பேலன்சும் இருந்தது. ஆனால் நாலு மிதி மிதிப்பதற்குள் இடது பாதம் பெடலிலிருந்து வழுக்கி விழுந்தது. சுற்றி வந்த பெடல் கெண்டைக்காலில் அடித்தது. திரும்பத் திரும்ப அதே இடத்தில் அடி.

மறுநாள் நான் ஒரு பழைய புடவையைக் கிழித்து, அவர் பாதத்தைப் பெடலோடு சேர்த்துக் கட்டினேன். இரண்டு ரவுண்டு அழகாகப் போனார். மூன்றாவது ரவுண்டில் ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக் பிடித்தவர் பழக்கத்தில் இடது பக்கம் சாய்ந்தார். கால் வரவில்லை. சைக்கிளோடு அப்படியே விழுந்தார். நான் ஓடிப் போய், நான் போட்ட முடிச்சை நானே பல்லால் கடித்து அவிழ்த்தேன். எலும்பு ஒன்றும் முறியவில்லை. அவர் என்னைத் திட்டவும் இல்லை. "போதும் விடு" என்றார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு சைக்கிள் பக்கமே போகவில்லை.

எனக்கு மனசு ஆறவில்லை. அந்த நொடியில் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். சனிக்கிழமை எனக்கு ஆபீஸ் லீவு, அவர் டிப்போவுக்குப் போயிருந்தார். அதே துணியால் என் இடது காலைப் பெடலோடு கட்டிக்கொண்டு தெருவில் ஓட்டினேன். ஓடும்வரை சுகமாகத்தான் இருந்தது. நிறுத்த நினைத்ததும் உடம்பெல்லாம் பதறியது. கால் வராது என்று தெரிந்தும் அதைத்தான் இழுத்தேன். எதிர்வீட்டுக் காம்பவுண்டில் போய் மோதி முழங்கை சிராய்த்துக்கொண்டது.

சாயங்காலம் வந்தவர் கையைப் பார்த்து என்ன என்று கேட்டார். மறைக்கத் தோன்றவில்லை, சொன்னேன். அவர் அலமாரியில் இருந்த மருந்தை எடுத்துவந்து, இடது கை விரலால் தடவ ஆரம்பித்தார். அந்த விரல் நேராக வராது, தடவித் தடவி விலகிப் போகும். வலது கையால் ஒரு நிமிஷத்தில் முடித்திருக்கலாம். நானும் அவசரப்படுத்தவில்லை.

தடவி முடித்ததும், "கட்டக் கூடாது. நானா எடுக்கற மாதிரி ஏதாவது இருக்கான்னு பாக்கலாம்" என்றார்.

டவுனில் நாங்கள் போன சைக்கிள் கடைக்காரர் பொறுமையான மனுஷர். சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, பின் சக்கரம் தரையில் படாமல் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகக் காட்டினார். முதலில், அடியில் கொக்கி வைத்த ஷூ. பெடலில் அழுத்தினால் டக்கென்று மாட்டிக்கொள்ளும், குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் கழன்றுவிடும். இவர் திருப்பினார். தொடை திரும்பியது, முட்டி திரும்பியது, குதிகால் அங்கேயே நின்றது. அடுத்தது பாதத்துக்கு மேலே போட்டு ஒட்டும் பட்டை. தளர்த்திப் போட்டால் பாதம் நழுவியது, இறுக்கிப் போட்டால் என் புடவைத் துணி கதைதான். பிறகு பெடலுக்கு முன்னால் மாட்டும் ஒரு பிளாஸ்டிக் கூடு எடுத்தார், செருப்பின் முன்பாதி மாதிரி இருந்தது. அதில் இருந்த வாரைக் கடைக்காரரே கழற்றிப் போட்டுவிட்டார். பாதம் முன்னால் வழுக்காது, பக்கவாட்டிலும் போகாது. பின்னால் இழுத்தால் வந்துவிடும். இழுப்பது தொடையின் வேலை, அதற்கு இவரிடம் பலம் இருந்தது.

ஆனாலும் அவர் நம்பவில்லை. "நான் மிதிக்கறேன். நீ நெனச்சப்ப கண்டக்டர் மாதிரி ஹோல்டான் சொல்லு" என்றார்.

கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தாலும் சொன்னேன். "ஹோல்டான்." கால் வெளியே வந்தது. தொடையில் கை கொடுத்துத் தூக்கி, பாதத்தைத் திரும்பக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார். "ரைட்" என்றேன். பத்துப் பன்னிரண்டு தடவை. கடைசியில் அவர் எதிர்பார்க்காத நேரத்தில் சத்தமாகச் சொன்னேன். அப்போதும் வந்தது. அவர் சிரித்ததைப் பார்த்துக் கடைக்காரரும் சிரித்துவிட்டார். வலது காலை ஊன்றி நிற்கப் பழகிக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்.

ஒரு மாதம் எங்கள் தெருவிலேயே சுற்றினார். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிக் கூட்டமெல்லாம் கலைந்த வாரத்தில், கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை வரை போனோம். அவர் முன்னால், பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய சைக்கிளில் நான் பின்னால். ஒரு ஆட்டோ சட்டென்று திரும்பியது. என் வாய்வரை வந்த சத்தத்தை அடக்கிக்கொண்டேன். அவர் பிரேக் பிடித்தார், இடது கால் வெளியே வந்தது, வலது காலை ஊன்றி நின்றார். திரும்பி என்னைப் பார்க்கக்கூட இல்லை. எனக்குத்தான் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றேன். மிச்சத்தையும் சுத்திடலாம் என்றார். சுற்றினோம்.

இப்போது டிப்போவுக்கே சைக்கிளில்தான் போகிறார். முதல் சில நாள், அவர் வரும் நேரம் பார்த்து வீட்டு கேட்டைத் திறந்து வைத்திருந்தேன், இறங்காமல் உள்ளே வரட்டும் என்று. ஒருநாள் அதைக் கவனித்துவிட்டார்.

"மூடியே வை. நான் எறங்கித் தெறந்துக்கறேன்" என்றார்.

அன்றிலிருந்து மூடித்தான் வைக்கிறேன்.