வீட்டுக்குள்ளே குழி வெட்டிய ஹட்டூன்

ஹட்டூனைப் பற்றி இப்போது ஆற்றங்கரை முழுக்கப் பெருமையாகப் பேசுகிறார்கள். ஊரைப் பட்டினியிலிருந்து காப்பாற்றிய ஆளாம். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என் பெண்டாட்டி நேலாவின் அண்ணன் அவன். அவன் லட்சணம் எனக்குத் தெரியாதா?

வேட்டை அவனுக்கு வராது. பனி உருகியதும் யூப்ரட்டீஸ் கரைக்கு மான் கூட்டம் வரும். நாங்கள் கத்திக் கூச்சல் போட்டு அதைக் கல்வேலிக்குள் விரட்டுவோம். இவன் நிற்கிற பக்கமாகத்தான் மான் தப்பிக்கும். பங்கு வைக்கும்போது மட்டும் தொடைக்கறிக்கு முதலில் கை நீளும். கேட்டவனுக்கு இல்லை என்று சொல்வது எங்கள் ஆட்களிடம் கிடையாது. அந்த வழக்கத்தைத் தின்றே கொழுத்தவன்.

பிறகு மான் வரத்து குறைந்தது. காட்டுப் பார்லியை ஈர மண்ணில் தூவி அறுக்க ஆரம்பித்தோம். விளைந்ததையெல்லாம் குடிசைகளுக்கு நடுவே இருந்த பொதுக்குழியில் கொட்டினோம். எவனுக்குப் பசித்தாலும் போய் அள்ளிக்கொள்வான்.

ஹட்டூன் என்ன செய்தான்? எல்லோரும் வட்டக் குடிசையில் இருக்க, இவன் சதுரமாக ஒரு வீடு கட்டினான். மூலை இருந்தால்தானே ஒளிக்க முடியும்! செத்தவர்களை அவர்கள் படுத்திருந்த தரைக்கு அடியிலேயே புதைப்பது எங்கள் முறை. அவனுடைய அப்பாவையும் அந்த வீட்டில் ஒரு மூலையில்தான் புதைத்திருந்தோம். அவர் பக்கத்தில் ஒரு குழி வெட்டி, களிமண் பூசி, தான் அறுத்த பார்லியில் பாதியைக் கொட்டி மூடிவிட்டான்.

"அப்பா தூங்குறாரு, அந்தப் பக்கம் மிதிக்காதீங்க" என்பான். நாங்களும் மரியாதையாக ஒதுங்கிப் போவோம். முட்டாள்கள்.

அந்தக் குளிர்காலம் பொதுக்குழி காலி. கிழங்கும் ஆமையும் தின்றோம். என் மாமியார் அர்கா பசி பாதி, இருமல் பாதியாகச் செத்தாள். புருஷன் பக்கம் என்று பார்லிக் குழிமேலேயே பாய் விரித்துப் படுத்திருந்தவள். அவளுக்குத் தெரிந்தால் ஊருக்கே கூப்பிட்டுக் கொடுத்துவிடுவாள் என்று பெற்ற தாயிடமே மறைத்திருக்கிறான்.

புருஷன் பக்கத்தில் அவளைப் புதைக்க வேண்டும். மகளைக் கட்டியவன்தான் குழி வெட்ட வேண்டும். மண் தோண்டுகிற மான் கொம்போடு நான் போய் நின்றேன். ஹட்டூன் வாசலை மறித்தான்.

"ஆத்தோரம் வச்சிரலாம் மாப்ள. மண்ணு மெத்துனு இருக்கு."

"நரி தோண்டுற இடத்துலயா?" என்றாள் நேலா. "நீ போய்ப் படு அங்க!"

"அப்பா கனவுல வந்தாருடி. தனியா இருக்கணும்னாரு."

"அம்மா ஊட்டாம ஒரு வாய் திங்காத மனுசன், செத்ததும் தனியா இருக்கணும்னாராக்கும்!"

வேட்டையில் முதல் ஆளாக ஓடுகிற கிர்ரு வெளியிலிருந்து கத்தினான்: "உங்கப்பனுக்கு வேற பொண்ணு பாத்துட்டியாடா?"

ஊரே சிரித்தது. நான் அவனைத் தள்ளிவிட்டு உள்ளே போய் மூலையில் கொம்பை இறக்கினேன். களிமண் உடைந்தது. கை விட்டால் முழங்கை வரை பார்லி.

சிரிப்பு நின்றது. ஒரு முயலை ஒளித்தவனையே துரத்திவிட்ட கூட்டம் நாங்கள். இவன் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவனும் சுவரோடு ஒண்டினான். ஆனால் எவனும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. குழியையே பார்த்தார்கள்.

"ஹட்டூனு... ஒரு கை குடேன்" என்றான் கிர்ரு. அந்தக் குழைவை அவன் தொண்டையில் நான் அதுவரை கேட்டதில்லை.

ஹட்டூன் நிமிர்ந்தான். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தான்.

"இது விதை. இதத் தின்னுட்டா அடுத்த வருசம் மண்ணையா திம்பீங்க? என் நிலத்தக் கிளறுறவனுக்குத்தான் கஞ்சி."

என் நிலமாம்! ஆற்று மண் எப்போது இவனுக்குச் சொந்தமானது? ஒருத்தனாவது கேட்டிருக்க வேண்டாமா?

"எந்தப் பக்கம் கிளறணும்?" என்று கேட்டான் கிர்ரு.

"மொதல்ல குழிய மூடுங்க. எங்கம்மாவ வெளிய எங்கயாச்சும் வைங்க."

மூடினார்கள். நான் ஒருத்தன் கொம்போடு தடுக்கப் போனால், எட்டுப் பேர் சேர்ந்து என்னை வெளியே இழுத்துப் போட்டார்கள். எல்லாம் என்னோடு மான் விரட்டிய கைகள்தான்.

அர்காவை எங்கள் குடிசைக்குத் தூக்கி வந்தோம். எங்கள் வீட்டில் அவள் ஒரு நாளும் படுத்ததில்லையே என்று நான் தயங்கினேன். நேலா பாயை விரித்துத் தாயைக் கிடத்தி, தானும் பக்கத்தில் படுத்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு எழுந்தாள்.

"படுத்தாச்சு. வெட்டு."

முழங்காலை மடக்கி, செங்காவி பூசி, உள்ளே வைக்கும்போது ஹட்டூன் ஒரு கூடை பார்லியோடு வாசலில் வந்து நின்றான்.

"அம்மா கூட வைக்கலாம்னு..."

நேலா கூடையைப் பிடுங்கினாள். "வாய் மெல்லுறப்ப குடுக்கல, இப்ப எதுக்கு அவளுக்கு? எம் புள்ளைங்க திங்கட்டும்." அம்மிக்கல் முன்னால் மண்டியிட்டு அரைக்க ஆரம்பித்தாள்.

உள்ளே வா என்று ஒருத்தரும் சொல்லவில்லை. நின்று பார்த்துவிட்டுப் போனான். போகிற வழியில் கிர்ருவைக் கூப்பிட்டு, விடிந்ததும் நிலம் கிளற ஆட்களோடு வந்துவிட வேண்டும் என்றான். கிர்ரு தலையை ஆட்டினான்.