டெலிவரியை மட்டும் கழற்றிய காலை: லிட்டில் இந்தியாவில் சில நாட்கள்

கோவையில் நானும் அண்ணனும் நடத்தும் பலகாரக் கடையின் மென்பொருள் பிரிக்க முடியாத ஒரே கட்டி. வீட்டு டெலிவரியைச் சேர்க்கப்போனால் பில் நின்றுவிடும். பில்லைச் சரிசெய்தால் சரக்குக் கணக்கு குழம்பும். மொத்தமாகத் தூக்கிவிட்டுப் புதிது வாங்கலாம் என்றார் அண்ணன். எனக்கு மனமில்லை. சிங்கப்பூரில் உணவுக்கடை வைத்திருக்கும் கல்லூரித் தோழி கவிதா, "வந்து எங்க சிஸ்டத்தைப் பாரேன்டி" என்றதும் போன மார்ச்சில் கிளம்பிவிட்டேன்.

சாங்கி விமான நிலையத்திலிருந்து டாக்சி தேவையில்லை. ரயிலேறி, எக்ஸ்போ நிலையத்தில் நீல வழித்தடத்துக்கு மாறினால் லிட்டில் இந்தியாவுக்கு நேராக வந்துவிடலாம். சுமார் ஒரு மணி நேரம். கவிதாவின் கடை பஃபலோ ரோட்டுக்குப் பக்கத்தில்.

இரண்டாம் நாள் காலை, அலுவலகங்களுக்கான மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டிருந்தபோது கவிதாவின் முகம் மாறியது. சாப்பாடு கொண்டுபோகும் நிறுவனம் அன்றிலிருந்து சேவையை நிறுத்துவதாகச் செய்தி. அலுவலகங்கள் நிறைந்த தஞ்சோங் பகாருக்கு மட்டும் நாற்பது சாப்பாடு போக வேண்டும். கிளமெண்டியில் இருக்கும் அவளுடைய புரோகிராமர் ஹரீஷை அழைத்தாள்.

"அக்கா, டென்ஷன் ஆகாதீங்க. ஆர்டர், பேமென்ட், கிச்சன் எல்லாம் தனித்தனி பார்ட்தானே? டெலிவரியை மட்டும் கழட்டிட்டு வேற கம்பெனியை மாட்டிடறேன் லா," என்றான் சிங்கப்பூர்ப் பாணியில்.

"லஞ்சுக்குள்ள முடியுமா?"

"ட்ரை பண்றேன்கா."

முதல் சோதனையில், புது நிறுவனத்துக்குப் போன முகவரியில் மாடி எண் விடுபட்டுப்போனது. அதைச் சரிசெய்யும்வரை காத்திருக்க முடியாது. முதலில் போகவேண்டிய பத்துப் பொட்டலங்களுடன் நாங்களே ரயிலேறினோம். (ரயிலில் சாப்பிடத்தான் தடை, எடுத்துப்போகலாம்.) அவுட்ரம் பார்க்கில் மாறி, இருபது நிமிடத்தில் தஞ்சோங் பகார். வரவேற்பறையில் பைகளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் போன் அடித்தது.

"அக்கா, மிச்சம் எல்லாம் கிளம்பிடுச்சு!"

கவிதா கட்டடத்தின் படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். இத்தனை நடந்தும் கடையில் ஆர்டரோ பில்லோ நிற்கவே இல்லை.

போகிறவர்களுக்கு: ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவில் நிற்க இடமிருக்காது, வாரநாள் காலையே சுகம். கடைக்காரர்களுக்கு: மென்பொருளின் பாகங்கள் சேரும் இடத்தில்தான் கோளாறு வரும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அடிக்கடி மாறுகிற ஒன்றை மட்டும் முதலில் பிரித்துவையுங்கள்.

ஊர் திரும்பியதும் நாங்கள் டெலிவரியைப் பிரித்தோம். அண்ணன் கல்லாவில் உட்கார்ந்து நாள் முழுக்கச் சந்தேகத்தோடு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடையைச் சாத்தும்போது கேட்டார்:

"சரி, அடுத்தது எதைப் பிரிக்கலாம், சொல்லு."