கும்பகோணத்து வெயிலில் வெந்த வீணை

என் மடத்தனத்தை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்து இசைக் கல்லூரி ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் வீணை சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் என் முதல் வாக்கியம், "வீணையை வெயில்ல வைக்காதீங்க" என்பதுதான். அதைக் கரும்பலகையில் எழுதி அடியில் இரண்டு கோடும் போடுவேன். ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், சித்திரை மாதத்து மத்தியானத்தில், பூட்டிய காருக்குள் ஒரு வீணையைக் கிடத்திவிட்டு, கும்பகோணத்துக் கல்யாண மண்டபத்தில் இரண்டாவது தடவையாகப் பாயசம் வாங்கிக்கொண்டிருந்தவன் நான். அது என் வீணைகூட இல்லை. என் மாணவியுடையது.

வீணை பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு விஷயம். கிட்டாரில் இருப்பது போல வீணையின் மெட்டுகள் மரத்தில் பதிந்திருப்பவை அல்ல. தேன்மெழுகில் கரித்தூள் கலந்து, தண்டி என்கிற கழுத்துப் பகுதியின் நீளத்துக்கு இரண்டு கரை கட்டி, அந்தக் கரைகளின் மேல் இருபத்துநான்கு வெண்கல மெட்டுகளை உட்கார வைத்திருப்பார்கள். மெழுகு இளகினால் மெட்டு நகரும். மெட்டு நகர்ந்தால் ஸ்வரம் நகரும். இது தெரியாதவர்கள் செய்தால் அறியாமை. இதற்குச் சம்பளம் வாங்கியவன் செய்தால் அதற்குப் பெயர் என்ன என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

1. இரவல்

என் வீணையில் தந்தி முறுக்கும் பிரடை ஒன்று வழுக்கிக்கொண்டே இருந்தது. அதைப் பழுது பார்க்கச் செல்வராஜிடம் கொடுத்திருந்தேன். மெட்டு கட்டுவது, பிரடை செதுக்குவது எல்லாம் அவர்தான். அந்த நேரம் பார்த்துக் கும்பகோணத்தில் முகூர்த்தக் கச்சேரி வந்தது. ஸ்டோர் ரூமில் கல்லூரி வீணைகள் பத்துப் பன்னிரண்டு இருந்தன. அவற்றில் வாசித்தால் மாப்பிள்ளை எழுந்து போய்விடும் அபாயம் இருந்தது.

டிப்ளமா மூன்றாம் வருடத்தில் ஷமீமா என்று ஒரு பெண் படித்துக்கொண்டிருந்தாள். முத்துப்பேட்டைப் பக்கம். அவள் அப்பா மஸ்கட்டில் ஒரு கடையில் வேலை பார்த்தார். லீவில் வந்தபோது மகளைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூரில் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கி வாங்கிக்கொடுத்த வீணை அது. எங்கள் துறையில் அதற்கு ஈடான நாதம் வேறு எதற்கும் கிடையாது.

"ஷமீமா, ஒரு நாளைக்கு உன் வீணையக் குடும்மா. நாளைக்கு சாயங்காலம் கொண்டாந்துடுறேன்."

"அடுத்த வாரம் பிராக்டிகல் இருக்கு சார்."

"அதான் அடுத்த வாரமாச்சே!"

கொடுத்தாள். அந்தப் பிராக்டிகல்தான் அவளுடைய கடைசித் தேர்வு. முதல் வகுப்பு வாங்கினால்தான் மேலே பட்டப்படிப்புக்கு இடம் கிடைக்கும். பட்டம் இருந்தால்தான் பள்ளியில் இசை ஆசிரியர் வேலைக்குப் போக முடியும். அந்த வேலைக்குத்தான் அவள் குறி வைத்திருந்தாள். இது எனக்குத் தெரியும். விண்ணப்பப் படிவத்தில் சிபாரிசுக் கையெழுத்துப் போட்டதே நான்தான்.

2. பாயசம்

கச்சேரி நன்றாகவே நடந்தது. நன்றாக நடந்ததற்குக் காரணம் வீணை. பதினோரு மணிக்கு அதைப் பையில் போட்டுப் பின்சீட்டில் கிடத்தினேன். வீணையின் குடம் ஜன்னல் பக்கம். கொடுத்த தாம்பூலப் பைகளை வைக்க இடம் தேடினேன். வீணையின் மேலேயே வசதியாக இடம் இருந்தது. மூன்று பை, மூன்று தேங்காய்.

பிறகு பந்தி. பந்திக்குப் பிறகு வெற்றிலை. வெற்றிலை போட்டால் என் வாய் நிற்காது. திரும்பி வந்து கார்க் கதவைத் தொட்டபோது கை சுட்டது. அப்போதாவது கரும்பலகை ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏசியை முழுதாகத் திருப்பிவிட்டேன். வழியெல்லாம் ரோட்டில் உளுந்துச் செடியைப் பரப்பிப் போட்டிருந்தார்கள், வண்டிகள் ஏறி அடித்துக்கொடுக்கட்டும் என்று. அதன்மேல் குலுங்கிக் குலுங்கிப் பாபநாசம் தாண்டினேன். வெயிலில் இளகிய மெழுகு தேங்காய்ப் பாரத்தில் சாய்ந்து, குலுக்கலில் நகர்ந்து, பிறகு ஏசியில் அப்படியே இறுகிவிட்டது. தப்பை உண்டாக்கியதோடு நிற்காமல் அதை உறையவும் வைத்துக் கொண்டுவந்தேன். பையைத் திறந்து பார்க்காமலேயே ஹாஸ்டல் வாசலில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

3. நாற்பது தடவை

மறுநாள் வகுப்பில் ஷமீமா கல்யாணி ராகம் வாசித்தாள். மேல் ஸ்தாயி போனதும் காந்தார ஸ்வரம் இறங்கி விழுந்தது.

"நிறுத்து. காந்தாரம் எங்க போச்சு?"

"மெட்டு மேலதான் சார் விரல் இருக்கு."

"மெட்டு மேல விரல் வைக்க நீ எதுக்கு மூணு வருஷம் படிக்கணும்? காது எங்கம்மா இருக்கு?"

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. காதைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். என்னுடைய வீணை பட்டறையில் இருந்ததால் அந்த வாரம் முழுக்க வாயால் பாடித்தான் பாடம் எடுத்தேன். அவள் வீணையை வாங்கி ஒரே ஒரு தரம் வாசித்துப் பார்த்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். வாங்கவில்லை. காந்தாரம் வரும் அந்த ஒரு பிடியை நாற்பது தடவை வாசிக்கச் சொன்னேன்.

வாசித்தாள். அதற்கு மறுநாளும் வாசித்தாள். மூன்றாம் நாள் காந்தாரம் சரியாக வந்து நின்றது. மெட்டு இறங்கிக் கிடந்ததால், அந்த இடத்தில் மட்டும் தந்தியைக் கொஞ்சம் பக்கவாட்டில் இழுத்து ஸ்வரத்தை மேலே ஏற்றி வாசிக்கப் பழகிக்கொண்டாள். அது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் போதனை பலித்துவிட்டது என்பதுதான்.

"பாத்தியா! சாதகம் பண்ணா வருமா வராதா?"

"வரும் சார்" என்றாள். இடது கையில் தந்தியை அழுத்தும் இரண்டு விரலிலும் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

4. எந்த அடுப்பு?

பிராக்டிகலுக்கு முதல் நாள் செல்வராஜ் என் வீணையைக் கொண்டுவந்தார். வந்தவரிடம், "அப்படியே பிள்ளைங்க வீணையும் ஒரு பார்வ பாத்துடுங்க" என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். ஷமீமாவின் வீணையைத் தொட்டதும் அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"சார், இது எந்த அடுப்புல வச்ச வீணை?"

"ஏன்?"

"மெழுகு வெந்திருக்கு. இங்க பாருங்க, பையோட துணி அச்சு அப்படியே விழுந்திருக்கு. மேல மூணு மெட்டு எறங்கிக் கெடக்குது. யாராச்சும் கார்ல வச்சாங்களா?"

அந்தக் கணத்தில் பாயசம் முதல் உளுந்து வரை எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. முப்பது வருட அனுபவம் சும்மா போகுமா? உடனே பதில் சொன்னேன்.

"பிள்ளைங்க பஸ்ல கொண்டு போவாங்க. இன்ஜின் பக்கத்துல வச்சிருப்பாங்க."

ஷமீமா மூன்றடி தள்ளி நின்றிருந்தாள்.

"ஏம்மா, இதுலயா வாசிக்கிற? எங்க, வாசி பாப்போம்" என்றார் செல்வராஜ். வாசித்தாள். சுருதி பிசகவில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மெட்டு ஒண்ணு சொல்லுது, இந்தப் பொண்ணு ஒண்ணு வாசிக்குது. எப்பிடி சார்?"

சரிசெய்ய இரண்டு நாள் வேண்டும் என்றார். மெழுகை இளக்கி, ஆறவிட்டு, ஒவ்வொரு மெட்டாகச் சுருதி பார்த்து வைக்க வேண்டும். பரீட்சையோ மறுநாள் காலை. என் வீணையைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். மெட்டு சரியாக இருந்த அந்த வீணையில் அவள் விரல் பழகிய அளவுக்கு இழுத்தது. காந்தாரம் கூரைக்கு ஏறிவிட்டது. நல்ல வீணைக்கு அவள் கை ஒத்துவரவில்லை. கெட்ட வீணை நம்பிக்கைக்கு உரியதல்ல. இரண்டுக்கும் நான்தான் பொறுப்பு.

"எதுல வாசிக்கப் போறம்மா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"என்னோடதுலயே வாசிக்கிறேன் சார். அதுல எங்க பள்ளம்னு தெரியும்."

5. எக்ஸ்டர்னல்

தேர்வாளராக வெளியூர்க் கல்லூரியிலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தார். கண்டிப்பானவர். கொடுத்த காபியில் சர்க்கரை கூட என்று திருப்பி அனுப்பியவர். ஷமீமா முக்கால் மணி நேரம் வாசித்தாள். மேல் ஸ்தாயி வரும்போதெல்லாம் நான் மூச்சை நிறுத்திக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் காந்தாரம் வந்து நின்றது. ஓரிரு இடத்தில் மட்டும் தந்தி அடுத்த மெட்டில் உரசி லேசாக இரைந்தது.

"பரவால்ல. ஆனா இந்த சங்கதி இப்பிடி வரணும். குடு இங்க" என்று சொல்லி அந்த அம்மாள் வீணையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வாசித்தார். காந்தாரம் தொப்பென்று விழுந்தது. முகம் மாறியது. மறுபடி வாசித்தார். மறுபடியும் விழுந்தது. மெட்டுகளைக் குனிந்து பார்த்தார். பிறகு ஷமீமாவின் விரல்களைப் பார்த்தார்.

"இதுலயா இவ்வளவு நேரம் வாசிச்ச?"

"ஆமா மேடம்."

"சார், இது உங்க கண்ணுல படலயா?"

கூரையில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதைக் கவனமாகப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு தாளில் ஏதோ எழுதினார். அது முதல் வகுப்பு என்பது ரிசல்ட் வந்தபோதுதான் தெரிந்தது.

இசைக் கல்லூரிகளுக்கு ஆசிரியராகப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். மாணவியின் விரலைக் குறை சொல்வதற்கு முன்னால் அந்த வாத்தியத்தை வாங்கி நீங்கள் ஒரு முறை வாசித்துப் பாருங்கள். இரவல் வாங்காதீர்கள். வாங்கினால் சாப்பாட்டை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். இந்தக் குறிப்பை இத்தோடு நிறுத்தியிருந்தால் எனக்குக் கௌரவமாக இருந்திருக்கும்.

ஷமீமா சான்றிதழ் வாங்க வந்த அன்று அவளைத் துறை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். இரண்டு தரம் தொண்டையைச் செருமினேன்.

"அன்னிக்கி நீ பஸ்ல வச்சிருப்பேன்னு செல்வராஜ்கிட்ட சொன்னேன்ல? பஸ் இல்லம்மா. கும்பகோணத்துல கார்ல வச்சது நான்தான்."

"தெரியும் சார். நீங்க குடுத்த அன்னிக்கே பையைத் தொறந்தேன். உள்பக்கம் மெழுகு ஒட்டியிருந்துச்சு."

"அன்னிக்கேவா? அப்புறம் ஏம்மா ஒரு வார்த்த சொல்லல? நாப்பது தடவ வாசிக்கச் சொன்னேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"இன்டர்னல் மார்க் நீங்கதானே சார் போடணும்."