புலிப் போர்வை போர்த்திய குதிரை

நாற்பதைத் தாண்டிய பிறகு குதிரையேற்றம் கற்றுக்கொள்ளப் போன பைத்தியம் நான். ஆஸ்திரேலியாவில், மெல்பர்ன் புறநகரான டார்னெய்ட்டில் எங்கள் தெருப் பெண்கள் எல்லாம் யோகா, ஜும்பா என்று போனார்கள். நான் ஹெல்மெட்டோடு கிளம்பினேன். முதல் மாதமே விழுந்தேன். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள் நம் ஊரில். என்னைத் தள்ளிய குதிரையோ சட்டென்று நின்று, திரும்பி வந்து, என் தலையை முகர்ந்து பார்த்தது. அன்றே அதன் மேல் எனக்கு ஆசை விழுந்துவிட்டது.

பழுப்பு நிறக் கிழவன் அவன். ஒரு காலத்தில் பந்தயத்தில் ஓடியவன், பிறகு என்னைப் போன்ற மூட்டைகளைச் சுமந்தவன். மூட்டுவலி முற்றி, இனி யாரையும் ஏற்ற முடியாது என்றானபோது குதிரையேற்றப் பள்ளி நடத்தும் பெண்மணி என்னைத் தனியே அழைத்தார். குளிர்காலத்தில் கால் விறைத்து, விழுந்து, எழ முடியாமல் அவன் கிடக்கக் கூடாது. யாரும் வைத்துக்கொள்ள முன்வராவிட்டால் குளிருக்கு முன்பே ஊசி போட்டு அனுப்பிவிடுவதுதான் அவனுக்கு நல்லது என்றார். நான் யோசிக்கவே இல்லை. நான் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, வீடு வரும்வரை காரில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

"வேலில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டியே," என்றார் என் கணவர். சொன்ன கையோடு, குதிரை என்னென்ன சாப்பிடும் என்று போனில் தேட ஆரம்பித்தார். திட்டிக்கொண்டே கூட வருகிற மனிதர் அவர்.

இடம் கொடுத்தது, கோயிலில் பழக்கமான யாழ்ப்பாணத்து அங்கிள். பாக்கஸ் மார்ஷ் ஊருக்குப் போகிற வழியில் மகன் வாங்கிப் போட்ட நிலத்தில் தனியாக இருந்தார். அவருக்கும் முழங்கால் வலி. குளிர் தொடங்கினால் சமையலறையில் ஹீட்டர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, குரங்குக் குல்லாவோடு உட்கார்ந்து, ஜன்னல் வழியாகவே உலகத்தைப் பார்ப்பார். டாக்டர் தினமும் நடக்கச் சொன்னால், "வெயில் வரட்டும், பாப்பம்," என்பார். ஆனால் குதிரை என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

"கொண்டு வாங்கோ பிள்ளை. இஞ்ச புல்லு சும்மாதானே கிடக்கு."

குதிரை டாக்டர் வந்து பார்த்தார். இளம் பெண், பேச்சில் நறுக்கு. குளிர்காலத்துக்கு மூன்று வழி இருக்கிறது என்றார்: எந்நேரமும் கொட்டகையில் கட்டி வைக்கலாம், பகலில் மேயவிட்டு இரவில் அடைக்கலாம், அல்லது இரவு பகல் வெளியிலேயே விட்டு, ஒதுங்க ஒரு கூரை மட்டும் கொடுக்கலாம். எதைச் செய்தாலும் ஒன்றைக் கவனியுங்கள் என்றார். எழுந்துவிடுவோம் என்ற நம்பிக்கை இல்லாத குதிரை படுக்காது, படுக்காத குதிரைக்கு ஆழ்ந்த தூக்கம் இல்லை. அவன் படுத்துத் தானாக எழுகிறான் என்றால் இந்தக் குளிரைத் தாண்டுவான். இல்லையென்றால் என்னைக் கூப்பிடுங்கள் என்றார். எதற்குக் கூப்பிட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, எனக்குப் புரிந்தது.

மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்போம்? தமிழர்களைக் கேட்டால் வேறென்ன சொல்வார்கள்? பனிக்காற்று காதில் பட்டால் சளி, நெஞ்சில் பட்டால் ஜன்னி. மதுரைக்காரரான என் கணவரும் யாழ்ப்பாணத்து அங்கிளும் இட்லியில் தொடங்கி இசை வரைக்கும் எதிலும் ஒத்துப்போனதில்லை. இதில் ஒரே கட்சி. அங்கிளின் பழைய தகரக் கொட்டகையில் ஓர் ஓட்டை விடாமல் அடைத்தார்கள். பலகை, தார்ப்பாய், மெத்தைப் பஞ்சு என்று கிடைத்ததெல்லாம் சுவரில் ஏறியது. குதிரைக்கென்று விற்கும் தடித்த போர்வை, ரக் என்பார்கள், ஒன்று போதாதென்று இரண்டு வாங்கிப் போட்டோம். அதற்கும் மேலே எங்கள் கல்யாணத்துக்கு சிங்கப்பூரிலிருந்து வந்த புலிப் படப் போர்வை. காதுக்கு மப்ளர் கட்டலாமா என்று அங்கிள் கேட்டார். என் கணவர் அதையும் யோசித்தார்.

முதுகில் புலி சிரிக்க, கிழவன் உள்ளே நின்றான். எனக்கோ பெருமை தாங்கவில்லை. தெரிந்தவர்களுக்கெல்லாம் படம் அனுப்பினேன்.

ஒரு வாரத்துக்குள் இருமல் வந்தது. நின்று நின்று பின்னங்கால்கள் வீங்கின. போர்வைக்குள் கையை விட்டால் வியர்வை. கீழே பரப்பியிருந்த மரத்தூள் ஒரு துளிகூட அவன் விலாவில் ஒட்டவில்லை. அவன் ஒரு தடவைகூடப் படுக்கவில்லை. டாக்டருக்குப் போன் செய்தேன்.

டாக்டர் வந்து கதவைத் திறந்ததும் மூத்திர நெடியில் கண்ணைக் கசக்கிக்கொண்டார். பிறகு புலியைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு படம் எடுத்தார். குளிர் இவனை ஒன்றும் செய்யாது, அடைத்த காற்றுதான் செய்யும். வயிறு நிறையக் காய்ந்த புல் போட்டால் அதுவே இவனுக்கு ஹீட்டர். மழைக்கு நனையாத ரக் ஒன்று போதும். கால் நடந்துகொண்டே இருக்கட்டும் என்றார். அடுத்த சனிக்கிழமை, ஆணி அடித்த அதே இரண்டு பேரும் ஆணி பிடுங்கினார்கள். இந்த நாட்டில் குளிர்கால வெயில் வடக்கிலிருந்துதான் விழும் என்று வடக்குச் சுவரை முழுசாக எடுத்துவிட்டார்கள். கிழவன் வெளியே வந்து, மூக்கை உயர்த்தி, வேலியோரமாக ஒரு சுற்று நடந்தான். நானும் கூடவே நடந்தேன்.

முதல் மழை வந்தபோது, கூரை சும்மா கிடக்க, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மழையிலேயே நின்றான்.

"இதுக்குத்தான் நான் விரலை நசுக்கிக்கிட்டேனா?" என்றார் என் கணவர், சுத்தியல் பட்ட கட்டைவிரலைத் தடவிக்கொண்டே.

இருமல் போயிற்று. கால் வீக்கம் வடிந்தது. ஆனால் படுத்த அடையாளம் மட்டும் இல்லை. தினமும் வேலைக்குப் போகும் முன் போய், அவன் பக்கவாட்டில் சேறு இருக்கிறதா என்று தேடுவேன். துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருப்பான். ஒரு குதிரை அழுக்காக இருக்கக் கூடாதா என்று ஏங்கியது உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இங்கே நடுக்குளிர்காலமான ஜூலையில் ஒரு காலை, புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. நாங்கள் பாதி வழியில் இருந்தபோது அங்கிள் கூப்பிட்டார்.

"பிள்ளை, குதிரை விழுந்து கிடக்கு. அசைவைக் காணேல்ல. கெதியா வாங்கோ."

மீதி வழி முழுக்க என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். போய்ச் சேர்ந்தபோது கேட் திறந்திருந்தது. புல்வெளி நடுவில், கால்களை நீட்டி, கழுத்தைத் தரையில் போட்டு, கிழவன் கிடந்தான். நான் ஓடினேன். பாதி தூரத்தில் கால் நின்றுவிட்டது.

அவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

என் காலடிச் சத்தத்தில் ஒரு காது திரும்பியது. தலையைத் தூக்கி, யாரடா எழுப்புவது என்பதுபோல் பார்த்தான். முன்னங்கால்களை நீட்டி ஊன்றினான். பின்பக்கம் எழும்பவில்லை, சரிந்தான். இன்னொரு முறை உந்தினான். எழுந்துவிட்டான். உடம்பை உதறினான், பனித்துளி என் முகமெல்லாம் தெறித்தது. பிறகு அந்த மூட்டுவலிக்காரன் வாலைத் தூக்கிக்கொண்டு, வேலியோரமாக ஒரு ஓட்டம் ஓடினான். இடது விலா முழுக்கச் சேறு. அப்படி ஒரு அழகான சேற்றை நான் பார்த்ததில்லை. அழுதேன், சிரித்தேன், என் கணவரை அடித்தேன்.

அப்புறம்தான் அங்கிளைக் கவனித்தேன். அந்த உறைபனியில், குல்லா இல்லாமல், செருப்பும் இல்லாமல், நனைந்த காலுறையோடு எங்களுக்கு முன்பே புல்வெளிக்கு நடுவில் வந்து நின்றிருந்தார். வீடு அங்கிருந்து நல்ல தூரம்.

"அங்கிள், அந்தக் காலோட இவ்வளவு தூரம் நடந்தா வந்தீங்க?"

அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். திரும்பி வீட்டைப் பார்த்தார்.

"நடக்கேல்ல, பிள்ளை," என்றார், அவருக்கே நம்பிக்கை இல்லாமல். "ஓடி வந்தனான்."