இரும்புலக்கையும் சிவப்புச் சில்லையும்

பத்திரப் பதிவு அலுவலக மேலாளருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் 'இரும்புலக்கை'. மேஜைக்கடியில் பேனா விழுந்தால்கூட மணியடித்து பியூனைக் கூப்பிடுவார். குனிந்தால் கௌரவம் சட்டைப்பையிலிருந்து கொட்டிவிடும் என்று பயம்.

அப்பேர்ப்பட்டவர் ஐம்பத்தாறு வயதில் கேமரா வாங்கினார். மச்சினன் எடுத்த குருவிப் படங்களை உறவுக்காரர்கள் மெச்சிவிட்டார்கள், பொறுக்குமா? ஒரு மாதம் நின்ற வாக்கிலேயே எடுத்தார். எல்லாப் படத்திலும் குருவியின் முதுகும் அவருடைய நிழலும்தான் விழுந்தன.

"மாமா, மேலேருந்து பார்த்தா அது வெறும் புள்ளி. தரையோட தரையா படுங்க. அது கண்ணுக்கு நேரா லென்ஸ் இருக்கணும்" என்றான் மச்சினன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

ஞாயிறு காலை, நீரேற்று நிலையத்துக்குப் பின்னால் குழாய் கசிந்து தேங்கிய குட்டையோரம், இரும்புலக்கை குப்புறப் படுத்தது. மூக்கு நுனியில் சேறு. அரை மணி கழித்து, கட்டைவிரல் அளவில் ஒரு சில்லைக் குருவி வந்தது. ரத்தச் சிவப்பு, மேலெல்லாம் வெள்ளைப் பொட்டு. தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்து அவரை நேருக்கு நேர் பார்த்தது. கையில் மனு இல்லாமல் ஒரு ஜீவன் தன்னைப் பார்ப்பதே அவருக்குப் புதிது. மூச்சடக்கி கேமரா பொத்தானை அமுக்கினார்.

படம் பிடித்தாயிற்று. கூடவே இடுப்பும் பிடித்துக்கொண்டது.

"யாராவது இருக்கீங்களா?"

வந்தவள் அந்த வழியாக நடை போன தையல்காரி. கடைப் பத்திரத்தில் ஒரே ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த ஏழு மாதமாக அவர் அறைவாசலில் நிற்பவள். ஆளை அடையாளம் கண்டதும் நிதானமாகக் கையைக் கட்டிக்கொண்டாள்.

"கொஞ்சம் தூக்கி விடும்மா."

"தூக்கலாம் சார். ஆனா நான் தையல் பிரிவு. தூக்குறது வேற பிரிவு ஆச்சே?"

"நாளைக்கே கையெழுத்துப் போட்டுடறேன்."

"நிஜ நாளைக்கா, உங்க ஆபீஸ் நாளைக்கா?"

"காலைல பத்து மணிக்கும்மா!"

அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். கேமராவைத் துடைக்கும்போது படத்தைப் பார்த்து, "அடடா, இப்பவே பறந்துடும் போலிருக்கே" என்றாள். அவர் கண் கலங்கியது. இடுப்பு வலி என்று சொல்லிக்கொண்டார்.

மறுநாள் பத்து மணிக்குக் கையெழுத்து விழுந்தது, அவள் கோப்பில் மட்டும். மனசு இளகிவிட்டதோ என்று பயந்தவர்போல, அடுத்து வந்தவரை அன்றே மூன்று தடவை அலையவிட்டார்.

சில்லை இப்போது பெரிய சட்டத்துக்குள், மனுதாரர்கள் காத்திருக்கும் பெஞ்சுக்கு எதிரே தொங்குகிறது. அதன் உடம்பில் எத்தனை வெள்ளைப் பொட்டு என்பது பலருக்கு மனப்பாடம்.