முக்காலிலேயே நின்ற முள்: அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லிக்கு ஒரு லோடு

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குமணன்சாவடி சந்திப்பில் என் சொந்த லாரியை நானே தள்ளிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற பஸ்ஸில் ஜன்னலுக்கு ஒரு தலை எட்டிப் பார்த்தது. டீசல் முள்ளோ முக்கால் டேங்க் என்று காட்டிக்கொண்டிருந்தது. இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறேன் என்று பெருமையடிக்கிற ஆள் நான்.

போன வெள்ளிக்கிழமை நடந்தது இது. கல்யாணமாகி மூன்று மாதமான என் மகள் மீனா பூந்தமல்லியில் வாடகை வீட்டுக்குத் தனிக்குடித்தனம் போகிறாள். கட்டில், பீரோ, சிலிண்டர், அடுப்பு எல்லாம் என் மினி லாரியில். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் புது வீட்டில் பால் காய்ச்சியாக வேண்டும். காய்ச்சுகிற அடுப்பு என்னிடம். "சாமான் நேரத்துக்கு வந்துடுமா?" என்று சம்பந்தியம்மா இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிந்தினால் அந்தப் பேச்சை வருஷக்கணக்கில் கேட்கப்போவது நானில்லை, மீனா.

எட்டரைக்குக் கிளம்பினோம். அயப்பாக்கம், திருவேற்காடு, வேலப்பன்சாவடி வழியாகப் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். திருவேற்காட்டில் பங்க் கண்ணில் பட்டதும் எனக்குச் சந்தேகம். முள் ஒரு வாரமாகவே முக்காலை விட்டு அசையவில்லை. அதற்கு நான் பார்த்த வைத்தியம், டேஷ்போர்டில் இரண்டு தட்டு. வண்டியை ஓரங்கட்டப் போனேன்.

"எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பின வண்டிங்க. நடுவுல நிறுத்தாதீங்க" என்றாள் பக்கத்து சீட்டிலிருந்த என் மனைவி செல்வி. முள்ளும் அவள் பக்கம்தான் பேசியது. நான் அடங்கிப் போனேன்.

நான்கைந்து கிலோமீட்டர் போனதும் வண்டி தானாகவே நின்றது. தள்ளிக்கொண்டிருந்தபோது ஓர் ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து, என் பட்டு வேட்டியையும் பின்னாலிருந்த கட்டில் பீரோவையும் பார்த்துத் தலையை நீட்டினார்.

"இன்னா நைனா, சம்பந்தி ஊட்டுக்குத் தள்ளிகினே போறியா?"

"டீசல் இருக்குப்பா. முள்ளு முக்கால் காட்டுது."

அவர் இறங்கி டேங்கைத் தட்டினார். காலிக் குடம் மாதிரி சத்தம்.

"முள்ளு முக்கால்ல கீது, டேங்க் தொடச்ச மாதிரி கீது. வந்து குந்து, பங்க்குக்குப் போலாம்."

நான் செல்வியைப் பார்த்தேன். "நாம நிறுத்தலையே. அதுவாத்தானே நின்னுச்சு" என்றாள்.

கேனில் டீசல் வாங்கி வந்து ஊற்றியும் வண்டி எழவில்லை. டீசல் வண்டி வறண்டு நின்றால் குழாயில் காற்று புகுந்துவிடும். கை பம்பை அமுக்கி அமுக்கி அதை வெளியேற்ற வேண்டும். பட்டு வேட்டியோடு அமுக்கினேன். நடுவில் சம்பந்தியம்மா போன். "அண்ணா, எங்க கீறீங்க? பால் இங்க பச்சையாவே கீது."

போய்ச் சேர்ந்ததும் அடுப்பை மட்டும் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். சிலிண்டரை மாப்பிள்ளை தூக்கினார். பால் பொங்கும்போது ராகு காலத்துக்கு ஐந்து நிமிஷம் பாக்கி.

"பால்ல டீசல் வாசம் அடிக்குதே அண்ணா" என்றார் சம்பந்தியம்மா. எல்லாரும் சிரித்தார்கள். மீனாவும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

மதியம் செல்வியை அங்கேயே விட்டுவிட்டு, பூந்தமல்லி பஸ் நிலையம் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியை நிறுத்தினேன். சாவியைப் போட்டுவிட்டு, டேங்குக்குள் டீசல் அளவைப் பார்க்கும் மிதவையின் ஒயரை மேலே கழற்றினார்கள். முள் சட்டென்று காலிக்கு விழுந்தது. என் வண்டியில் அப்படி விழுந்தால் மீட்டரும் ஒயரும் சரி, கோளாறு மிதவையில் என்று அர்த்தமாம். வெளியே எடுத்துப் பார்த்தால் அதன் கம்பி வளைந்து மேலேயே சிக்கியிருந்தது. நிமிர்த்திப் பூட்ட ஒரு மணி நேரம். கையோடு டேங்கையும் நிரப்பினேன்.

இந்த வழியில் லோடு ஏற்றுகிறவர்கள் கையில் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோ வேலையில் ரோடு பாதிதான் இருக்கிறது. முள் அசையவில்லை என்றால் டேஷ்போர்டைத் தட்டாதீர்கள், டேங்கைத் தட்டுங்கள். எலுமிச்சம்பழத்தை டீசல் போட்ட பிறகு நசுக்குங்கள்.

செல்வியை ஏற்றிக்கொள்ளத் திரும்பிப் போனேன். மீனா கேட் வரை வந்தாள்.

"இங்க எல்லாம் சரியா இருக்காம்மா?"

"எல்லாம் நல்லா இருக்குப்பா." கல்யாணத்திலிருந்து எப்போது கேட்டாலும் இதே பதில்தான்.

ஜன்னல் வழியாக மீட்டரை எட்டிப் பார்த்தாள். "முள்ளு இப்ப நிஜம் சொல்லுதா?"

"சொல்லுது. ஃபுல் டேங்க்."

வண்டியை எடுத்தேன். புது வீட்டு வாசலில், நல்ல நாளில், ஓர் அப்பன் வாயில் வரக்கூடாத பேச்சு. அதனால் சொல்லவில்லை: சரியில்லைன்னா ஒரு போன் போடும்மா, இதே சாமானைத் திரும்ப ஏத்திகினு வர அப்பா வண்டியில எப்பவும் டீசல் இருக்கும்.